வண்ண மீன் தொட்டியும் மின்சாரமும்: தண்ணீரில் கை வைக்குமுன் கவனிக்க வேண்டியவை

தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், வண்டலூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் ஆகிய ஊர்களில் நெல் விளைந்த நிலம் பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டது. மிஞ்சியிருக்கும் சில சென்ட் கொல்லையில் கீரை போடுவோரும் கறவை மாடு வைத்திருப்போரும் கூடவே நடத்தத்தக்க ஓர் உபதொழில் வண்ண மீன் வளர்ப்பு. நான்கைந்து சிமெண்டுத் தொட்டிகளும் சில கண்ணாடித் தொட்டிகளும் இருந்தால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் இனங்களைத் தொடங்கிவிடலாம். இத்தொழிலுக்குப் பேர்பெற்ற கொளத்தூர் சென்னையிலேயே இருப்பதால் தாய்மீன் வாங்கவும் குஞ்சுகளை விற்கவும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு இடம் தரப்பட்டது.

தீவனம், நோய், நீரின் தன்மை ஆகியவை பற்றிப் பேசப்படும் அளவுக்கு இத்தொழிலில் மின்சாரம் பற்றிப் பேசப்படுவதில்லை. ஆனால் இரவும் பகலும் ஓடும் ஏர் மோட்டார், பில்டர், விளக்கு, ஹீட்டர், தண்ணீர் மோட்டார் என்று எல்லாமே மின்சாரத்தில் இயங்குபவை. எல்லாமே தண்ணீருக்குள்ளோ, தண்ணீருக்கு ஒரு சாண் தூரத்திலோ இருப்பவை. குப்பை எடுக்கவும், செடி நடவும், குஞ்சு பிரிக்கவும் அதே தண்ணீரில் நாளுக்குப் பலமுறை கை போகிறது. அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. சில வேளை பள்ளிப் பிள்ளைகளுடையது. ஆகவே இதைச் சரிவரத் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

ஈரக் கையும் வெறுங்காலும்

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கிறது. கை தண்ணீரில் நனைந்து, வெறுங்கால் ஈரத் தரையில் பதிந்திருக்கும்போது உடம்பின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

உடம்பில் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசை இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட முடியாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். ஒரு 5 வாட் இரவு விளக்கு எடுக்கும் மின்னோட்டமே 20 மில்லி ஆம்பியருக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால், ஆளைச் சாய்க்க எவ்வளவு குறைந்த மின்சாரம் போதும் என்பது விளங்கும். "சின்ன மோட்டார்தானே, என்ன செய்யும்?" என்று எண்ணுவது தவறு. மோட்டார் சிறியதானாலும் அதற்கு வரும் ஒயரில் இருப்பது அதே 230 வோல்ட்தான்.

நோய்க்காகத் தொட்டியில் கல்லுப்பு கரைப்பது வழக்கம். உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை இன்னும் எளிதாகக் கடத்தும். உவர்ப்பான போர் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

மீன் நீந்துகிறதே என்று நம்பலாமா?

"தொட்டியில் மின்சாரம் கசிந்தால் முதலில் மீன் செத்திருக்குமே" என்று சிலர் சமாதானம் சொல்லுவதுண்டு. இது மிகவும் ஆபத்தான எண்ணம். மின்சாரம் ஓரிடத்தில் புகுந்து இன்னோரிடத்தில் வெளியேறினால்தான் ஓட்டம் உண்டாகும். மரப்பலகை மேல் வைத்த கண்ணாடித் தொட்டிக்குள் பேஸ் மின்சாரம் கசிந்தாலும், அது வெளியேற வழி இல்லை. தண்ணீர் முழுவதும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும். அதனுள் நீந்தும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் இதுவும். தரையில் நின்றபடி ஒருவர் கை வைத்த மறுகணமே மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது. அந்த வழி அவர் உடம்புதான்.

சிமெண்டுத் தொட்டியில் நிலைமை வேறு. நனைந்த சுவர் வழியே மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். அதனால் தொட்டியைச் சுற்றியுள்ள ஈரத் தரையிலும் மின்சாரம் பரவ இடமுண்டு. தொட்டிச் சுவரைத் தொடும்போது லேசாகச் 'சுள்'ளென்று பட்டால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. உடனே மெயினை அணைத்துவிட்டு ஒயர்மேனை அழைக்க வேண்டும்.

பியூஸ் ஆளைக் காக்குமா?

பியூஸும் எம்.சி.பி.யும் ஒயர் சூடாகி எரிந்து போகாமல் காக்க ஏற்பட்டவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்கு கூட வேண்டாம். ஆகவே தண்ணீர் வழியே ஒருவர் உடம்பில் மின்சாரம் பாயும்போது இவை சும்மாதான் இருக்கும்.

எர்த் இருக்கிறதே என்று கேட்கலாம். எர்த் மிக அவசியம். ஆனால் தென்சென்னைப் புறநகரில் அதை மட்டும் நம்ப முடியாது. பல்லாவரம் மலையின் பாறை சார்னோகைட் என்னும் கடினமான வகையைச் சேர்ந்தது. இத்தகைய பாறையும் சரளையும் மேலாக உள்ள இடங்களில் ஈரம் தங்குவது குறைவு. சித்திரை, வைகாசியில் எர்த் குழி வறண்டுவிடும். எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் இரும்பு உடலில் பேஸ் பட்டால் மண்ணுக்குப் போகும் மின்னோட்டம் 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது. மோட்டார் உடலில் மின்சாரம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். மீட்டர் மட்டும் சுற்றும்.

எர்த் குழிக்கு 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. குழாயைச் செங்குத்தாக இறக்கி, கரியும் உப்பும் இட்டு, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி வருவது நல்லது. தடை 5 ஓமுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் நலம். ஒயர்மேனிடம் சொல்லிக் கோடையில் அளக்கச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அளந்தால் எந்த எர்த்தும் நன்றாகத்தான் தோன்றும்.

உயிர்காப்பான்: ஆர்.சி.சி.பி.

இந்தக் குறையை நீக்குவது ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவு தடுப்பான். பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்லுவர். பேஸ் ஒயரில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த வித்தியாசத்தைக் கண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை இது துண்டித்துவிடுகிறது. மேலே சொன்ன 20 ஓம் எர்த்திலும் இது தவறாமல் விழும். ஏனெனில் இதற்கு வேண்டியது 11 ஆம்பியர் அல்ல, 0.03 ஆம்பியர்தான்.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று குறித்திருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் என்ற அளவுகளிலும் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவுபவை. ஆளைக் காக்கப் போதா. ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியம். ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால் ஓவர்லோடுக்குப் பாதுகாப்பு இல்லை, ஆகவே எம்.சி.பி.யும் உடன் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த கருவியும் கடைகளில் கிடைக்கிறது.

இதன் வரம்புகளையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் தொட்டுவிட்டால் இது காக்காது. எர்த் சரியாக இருந்தால் பழுது ஏற்பட்டவுடனே இது விழும். எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும். உயிர் தப்பினாலும் அதிர்ச்சி நிச்சயம். கண்ணாடித் தொட்டியிலும் இதே நிலைதான். ஆகையால் ஆர்.சி.சி.பி. இருக்கிறதென்ற தைரியத்தில் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளுக்கு

மின்வெட்டின்போது காற்று நிற்காமலிருக்கப் பலர் ஏர் மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறார்கள். இதில் பலரும் அறியாத ஓர் ஆபத்து உண்டு. மீட்டர் அருகே மெயினில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் மின்கசிவு ஏற்பட்டதும் அது விழுகிறது. ஆனால் இன்வெர்ட்டருக்குக் கரண்ட் போனதாகத்தான் தெரியும். உடனே அது பேட்டரியிலிருந்து அதே பழுதான லைனுக்கு 230 வோல்ட்டை மீண்டும் கொடுத்துவிடும். மெயினில் விழுந்த ஆர்.சி.சி.பி.யால் அதைத் தடுக்க முடியாது.

ஆகவே இன்வெர்ட்டரிலிருந்து வெளிவரும் லைனில் தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவது இன்றியமையாதது. அதன் வழியே போகும் நியூட்ரலை வீட்டின் மற்ற நியூட்ரலோடு கலக்கக் கூடாது. கலந்தால் காரணமின்றி அடிக்கடி விழும். வேலை முடிந்ததும் மெயினை அணைத்து, இன்வெர்ட்டர் ஓடும் நிலையில் இது சரியாக விழுகிறதா என்பதை ஒயர்மேன் முன்னிலையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி சேமிப்பு உண்டு. அதில் பாதியை, அதாவது 900 வாட்-மணியைப் பயன்படுத்தினால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். 40 வாட் ஏர் மோட்டாருக்கு இன்வெர்ட்டரின் சேதாரமும் சேர்த்து 60 வாட் என்று கொண்டால் 15 மணி நேரம் ஓடும். விளக்கு, ஹீட்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை இந்த லைனில் சேர்க்கக் கூடாது.

பேட்டரியில் நேரடியாக ஓடும் 12 வோல்ட் ஏர் மோட்டார்களும் விற்பனையில் உள்ளன. இந்தக் குறைந்த மின்னழுத்தத்தில் ஷாக் ஆபத்து மிகக் குறைவு. புதிதாகத் தொடங்குவோர் இவற்றை யோசிக்கலாம். அவற்றோடு வரும் அடாப்டருக்குள் போவது 230 வோல்ட் என்பதால், அதை மட்டும் தொட்டியிலிருந்து தள்ளி உயரத்தில் வைக்க வேண்டும்.

கருவி வாரியாகக் கவனிக்க வேண்டியவை

ஏர் மோட்டார்: இதைத் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் வைக்க வேண்டும். கீழே வைத்தால் கரண்ட் போனதும் ரப்பர் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வடிந்து மோட்டாருக்குள் புகும். கரண்ட் வந்ததும் மோட்டார் எரியும், அல்லது அதன் உடலில் மின்சாரம் ஏறும். உயரத்தில் வைக்க வசதி இல்லாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தலாம். அதில் பாசி அடைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காற்றுப் போய், மறுபக்கம் போகாமல் இருந்தால் வால்வு சரி.

நீரில் மூழ்கும் பில்டர், பவர் ஹெட்: கருவியின் மீது ஐ.பி.எக்ஸ்.8 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். தொடர்ந்து நீருக்குள் இருக்கத் தக்கது என்பதற்கு அது அடையாளம். ஒயர் மோட்டாருக்குள் நுழையும் இடமே பலவீனமான இடம். அங்கே வெடிப்போ, கடினமாதலோ, நிறமாற்றமோ தெரிந்தால் கருவியை மாற்ற வேண்டும். மோட்டாரை ஒயரைப் பிடித்துத் தூக்குவது அந்த இடத்தை விரைவில் கெடுக்கும். ஒயர் நீளம் போதவில்லை என்று ஒட்டுப் போட்டு டேப் சுற்றித் தண்ணீருக்குள் விடுவது தற்கொலைக்கு ஒப்பானது.

ஹீட்டர்: நம் பகுதியில் ஆண்டு முழுவதும் ஹீட்டர் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களிலும், வெண்புள்ளி நோய்க்கு நீரைச் சூடாக்கும்போதும்தான் தேவைப்படும். தண்ணீரில் முழுவதும் அமிழ்ந்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். அணைத்து 15 நிமிடம் ஆறிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் காற்றுப்பட்டோ, குளிர்ந்த நீர் பட்டோ விரிசல் விடும். விரிசல் விட்ட ஹீட்டரின் உள்ளே இருக்கும் மின்கம்பி நேராகத் தண்ணீரைத் தொடும். தண்ணீர் மாற்றும்போது மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரியும் என்பதால், அந்த வேலையைத் தொடங்குமுன் ஹீட்டர் பிளக்கைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். வாளித் தண்ணீர் கொதிக்க வைக்கும் ராடை மீன் தொட்டியில் எக்காரணம் கொண்டும் போடக் கூடாது.

விளக்கு: தொட்டியின் மேல் சும்மா வைத்த விளக்கு, பூனை தாண்டினாலும் உள்ளே விழுந்துவிடும். சங்கிலியோ கொக்கியோ கொண்டு மேலே கட்டி, இடையில் கண்ணாடி மூடி போட வேண்டும். தகர மூடியுள்ள விளக்குக்கு எர்த் ஒயர் கட்டாயம்.

தண்ணீர் மோட்டார்: போர் மோட்டாரானாலும், தொட்டி மாற்றும் சிறு மோட்டாரானாலும் மூன்று முள் பிளக்கில், எர்த்துடன் இணைக்க வேண்டும். மோட்டாரின் கேபிளைத் துணி உலர்த்தும் கொடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். காற்றில் ஆடி உரசி ஒயரின் மேலுறை தேய்ந்தால், ஈரத் துணி போடப் போகிறவர் உயிரைக் கொடுக்க நேரும்.

இரும்பு ஸ்டாண்டும் பந்தலும்: ஆங்கிள் ஸ்டாண்டு, நிழல்வலைப் பந்தலின் ஜி.ஐ. குழாய் ஆகியவற்றையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். ஒயரை இவற்றின்மீது நேராகச் சுற்றாமல் பிளாஸ்டிக் குழாய்க்குள் கொண்டுபோவது நல்லது.

ஒயரிங்கில் கவனிக்க வேண்டியவை

பிளக் பாயிண்டுகளைத் தொட்டிக்கு நேர் மேலேயோ, கீழேயோ வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி, தரையிலிருந்து இடுப்புக்கு மேல் உயரத்தில் அமைக்க வேண்டும். ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டு வைப்பது கூடாது. தொட்டியிலிருந்து வரும் ஒயர் நேராகப் பிளக்குக்குப் போனால், ஒயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குள் இறங்கும். ஒயரைப் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றினால், தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். காசு செலவில்லாத இந்த ஒரு காரியம் பல விபத்துகளைத் தடுக்கும்.

மூன்று முள் பிளக்கில் பெரிய முள் எர்த்துக்கானது. சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை உடைத்துவிடுவதும், பிளக் இல்லாமல் வெறும் ஒயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகுவதும் பலரிடம் உள்ள பழக்கங்கள். இரண்டுமே கைவிட வேண்டியவை.

சுவிட்சை அணைத்தாலே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒயரிங் செய்தவர் பேஸுக்குப் பதில் நியூட்ரலைச் சுவிட்சில் கொடுத்திருந்தால், சுவிட்சு அணைந்திருந்தாலும் கருவிக்குள் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் இரண்டும் அறுபடும். டெஸ்டர் எரியவில்லை என்பதும் முழு உத்தரவாதமாகாது. தண்ணீருக்குள் டெஸ்டரை விட்டுப் பார்ப்பது ஆபத்தான விளையாட்டு.

வீட்டில் இரண்டொரு தொட்டி வைப்பது வேறு. விற்பனைக்காகப் பல தொட்டிகள் வைப்பது வேறு. பின்னதற்கு எந்த வகை இணைப்பு வேண்டும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, முறைப்படி பெற வேண்டும். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்திலிருந்து ஒயர் இழுப்பது சட்டப்படி குற்றமாவதோடு, அவசரத்தில் இழுக்கும் அந்த ஒயரே விபத்துக்கும் காரணமாகிறது.

சோதனைக்கு ஓர் அட்டவணை

காலண்டரில் நாள் குறித்துவைத்துக் கீழ்க்கண்டவாறு செய்து வரலாம்.

நாள்தோறும்: ஏர் மோட்டார் சத்தம் மாறியிருக்கிறதா, பிளக் சூடாக இருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று கவனிக்கவும். உலர்ந்த கையால், காலில் ரப்பர் செருப்புடன் சுவிட்சைத் தொடவும்.

வாரம் ஒருமுறை: எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒயர்களைத் துணியால் துடைத்து, எலி கடித்த இடம், வெடிப்பு, பச்சை பூத்த முனை ஆகியவை உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கவும். தொட்டியின் ஒட்டுகளில் நீர் கசிகிறதா என்றும் பார்க்கவும்.

மாதம் ஒருமுறை: ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்ற எழுத்துள்ள பொத்தானை அழுத்தவும். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும்வரை தொட்டிக் கருவிகளை ஓட்டக் கூடாது. இந்தப் பொத்தான் ஆர்.சி.சி.பி.யை மட்டுமே சோதிக்கும். எர்த் சரியா என்று சொல்லாது.

ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் ஐப்பசி மழைக்கு முன்னும்: உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு எர்த் தடை, ஒயரிங் காப்பு, இணைப்பு முனைகளின் இறுக்கம் ஆகியவற்றைச் சோதிக்கவும். சாக்கெட்டுகளுக்குள் எறும்பும் பல்லியும் குடியேறியிருந்தால் மெயினை அணைத்துச் சுத்தம் செய்யச் சொல்லவும்.

அடிக்கடி விழுகிறதே, என்ன செய்வது?

ஆர்.சி.சி.பி. பொருத்திய பலர் செய்யும் தவறு இது: இரவில் அது விழுந்து, காற்று நின்று, காலையில் மீன்கள் செத்து மிதந்தால், ஆத்திரத்தில் ஒயர்மேனிடம் சொல்லி அதை நீக்கி நேர் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். மீன் விலை எவ்வளவானாலும் இது சரியல்ல. விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல.

எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்ற வேண்டும். அப்போதும் விழுந்தால் பழுது ஒயரிங்கில் உள்ளது, ஒயர்மேன் வேலை. நின்றால், ஒவ்வொரு கருவியாகச் சொருக வேண்டும். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுவே குற்றவாளி. அதை ஒதுக்கிவிட வேண்டும். தனித்தனியே எதுவும் விழச் செய்யாமல், எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுந்தால், ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகக் கசிந்து கூட்டுத்தொகை எல்லையைத் தொடுகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எந்த அளவிலும் விழலாம். அந்த நிலையில் பழைய கருவிகளை மாற்றுவதோடு, லைனை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போட வேண்டும்.

எப்படியும் ஏர் மோட்டார்களை ஹீட்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றோடு ஒரே ஆர்.சி.சி.பி.யில் சேர்க்காமல் இருப்பது நலம். ஹீட்டர் பழுதானால் ஹீட்டர் லைன் மட்டும் விழும், காற்று நிற்காது. தொட்டிக்குத் தொட்டி பாதிப் பாதியாக இரண்டு லைனில் காற்றுக் கல் வைத்தால் இன்னும் பாதுகாப்பு. இந்த ஏற்பாட்டில் மீனும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

மழை, வெள்ளக் காலத்தில்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய இடங்களில் சுவிட்ச் போர்டு, இன்வெர்ட்டர், பேட்டரி ஆகியவற்றை 2015 வெள்ளத்தில் நீர் எட்டிய மட்டத்துக்கு மேலே அமைப்பதே அறிவுடைமை.

புயல் எச்சரிக்கை வந்ததும் தீவனத்தை ஒரு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பசித்த மீன் தாங்கும். வயிறு நிறைந்த மீனுக்குக் காற்று அதிகம் தேவை. நெருக்கமான தொட்டிகளைக் கலைத்துப் பரப்பிவிட வேண்டும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராமும், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமும் பிராணவாயு கரையும் என்பதால், வெப்பமான நீரில் காற்று விரைவில் தீர்ந்துவிடும். கரண்ட் நின்றபின் மணிக்கு ஒருமுறை செம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் ஓரளவு காப்பாற்றலாம். ஜெனரேட்டர் வைத்திருப்போர் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுக்கக் கூடாது. அந்த மின்சாரம் வெளியே பாய்ந்து, கம்பத்தில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரைக் கொன்றுவிடும்.

தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன், காய்ந்த தரையில் நின்று மெயினை அணைத்துவிட வேண்டும். இன்வெர்ட்டரையும் தனியே அணைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வந்தபின் மெயின் போர்டுக்கு நடந்து போகக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி வெளியே துண்டிக்கச் செய்ய வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு நனைந்த மோட்டாரையும் போர்டையும் உடனே ஓட்டிப் பார்ப்பது கூடாது. நன்கு உலர்த்தி, ஒயர்மேன் மெக்கர் கருவியால் அளந்து, காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே இணைக்க வேண்டும்.

ஷாக் அடித்துவிட்டால்

தொட்டியருகே ஒருவர் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தொடக் கூடாது. தொட்டவரும் சேர்ந்து விழுவார். முதலில் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். அது முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மூங்கில் அல்லது பிளாஸ்டிக் கம்பால் ஒயரை விலக்க வேண்டும். பிறகு 108-க்குப் பேச வேண்டும். மூச்சு இல்லாவிட்டால், மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பதோடு, மெயின் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டி வைக்க வேண்டும்.

முதலில் எதைச் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாதவர்கள் இந்த வரிசையில் செய்யலாம். இன்றைக்கே செய்யக்கூடியவை மூன்று: ஏர் மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றுவது, ஒயரில் வளைவு விடுவது, பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைப்பதில்லை என்று வீட்டார் அனைவரும் உறுதி செய்துகொள்வது. இவற்றுக்குக் காசு வேண்டாம். அடுத்த விற்பனைப் பணத்தில் முதல் செலவாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், இன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு ஒன்றும் பொருத்தலாம். அதற்கடுத்து எர்த் குழியைச் சீராக்கலாம்.

மீன் வளர்ப்பு பற்றிய மற்ற ஐயங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகலாம். ஒயரிங் வேலைக்கு மட்டும் உரிமம் பெற்றவரையே அழைக்க வேண்டும். அவர் கேட்கும் கூலி, ஒரு தொட்டிக் குஞ்சுகளின் விலைக்குள் அடங்கிவிடும்.